70 வினாடியில் மீட்டர் கணக்கு: ஒரு தானியங்கித் தொலைபேசியைச் சரிசெய்த பதிவு

சென்ற மாதக் கடைசி மூன்று நாட்களில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் 412 வீடுகளில் 397 வீடுகள் தண்ணீர் மீட்டர் அளவைத் தொலைபேசி வழியாகவே பதிவு செய்துவிட்டன. சங்க அலுவலகத்தின் முன்னால் சீட்டுடன் வரிசை நிற்கவில்லை. ஓர் அழைப்புக்குச் சராசரியாக 70 வினாடி. ஐந்து மாதங்களுக்கு முன்பு இதே இயந்திரம், இதே நான்கு இணைப்புகள், ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டன. பலர் பாதியிலேயே துண்டித்துவிட்டு மறுபடியும் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இந்த இரண்டுக்கும் இடையே நான் செய்தவற்றை, தவறாகச் செய்தவற்றையும் விடாமல், செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

தேவை எளிமையானது. அழைப்பவர் வீட்டு எண்ணையும் மீட்டரில் தெரியும் ஐந்து இலக்கங்களையும் அழுத்த வேண்டும். இயந்திரம் அதைத் திருப்பிச் சொல்லி, சரிபார்த்து, சேமிக்க வேண்டும். ஒரு பழைய மேசைக் கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, அதன்மேல் தொலைபேசி அழைப்புகளைக் கையாளும் மென்பொருளான ஆஸ்டெரிஸ்க்கின் 20ஆம் பதிப்பைப் போட்டேன். வெளி உலகத்துக்கு ஒரு சிப் (SIP) இணைப்பு, அதாவது இணையம் வழியாக வரும் தொலைபேசி இணைப்பு. அதில் ஒரே நேரத்தில் நான்கு அழைப்புகள் வரலாம். அழைப்பை நடத்தும் தர்க்கத்தைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதி, ஆஸ்டெரிஸ்க் வெளி நிரல்களோடு பேசும் வழியான ஏஜிஐ (AGI) மூலம் இணைத்தேன். தகவல்கள் ஓர் எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் இருந்தன. இதற்கு இரண்டு மாலைகள் போதுமாயிருந்தன. அந்த வேகம்தான் என்னை ஏமாற்றியது. வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று நம்பினேன்.

ஒரு சின்னத் தடுமாற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏஜிஐ தொடும் எல்லாரும் இதில் ஒரு முறையாவது விழுவார்கள். ஏஜிஐ நிரலுக்கும் ஆஸ்டெரிஸ்க்குக்கும் இடையே உரையாடல் நடப்பது நிரலின் வழக்கமான உள்ளீடு, வெளியீட்டு வழிகளில்தான். பிழை தேடுவதற்காக நான் இரண்டு பிரிண்ட் வரிகளைச் சேர்த்திருந்தேன். ஆஸ்டெரிஸ்க் அவற்றையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு 510 என்ற பிழை எண்ணைத் திருப்பியது. நான் அதை எதிர்பார்க்காததால் அதன்பின் வந்த ஒவ்வொரு பதிலும் ஒரு வரி தள்ளிப்போயிற்று. மறுபுறம், உண்மையான கட்டளையை எழுதியபின் வெளியீட்டை உடனே தள்ளிவிடவில்லை என்றால், அது பைத்தானின் இடையகம் என்ற தற்காலிக நினைவிடத்திலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மௌனமாக நிற்கும். குறிப்புகளை எல்லாம் தனிக் கோப்பில் எழுதத் தொடங்கியதும் இரண்டு சிக்கலும் தீர்ந்தன.

அந்தத் தனிக் கோப்புதான் பின்னால் எனக்குப் பெரிய துணையாயிற்று. ஒவ்வொரு அறிவிப்பும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, அழைப்பவரின் உள்ளீடு எப்போது வந்துசேர்ந்தது என்பதை ஆயிரத்தில் ஒரு வினாடிக் கணக்கில் அதில் குறித்தேன். ஆனால் இதை முதல் மாதம் முடிந்த பிறகுதான் சேர்த்தேன். முதல் நாளே சேர்த்திருக்க வேண்டும்.

முதல் மாதத்தின் கதை இது. மாதக் கடைசியில் நெரிசல் மிகுந்த மணி நேரத்தில் சுமார் 60 அழைப்புகள் வந்தன. ஓர் அழைப்பு 180 வினாடி என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் 10,800 வினாடிப் பேச்சு. 3,600ஆல் வகுத்தால் 3 எர்லாங், அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் மூன்று அழைப்புகள். டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரத்தில் 3 எர்லாங்கையும் 4 இணைப்புகளையும் போட்டால், அழைப்பவர்களில் 20.6 சதவீதத்தினருக்கு இணைப்பு கிடைக்காது என்று விடை வருகிறது. ஐந்தில் ஒருவர். அவர்கள் மறுபடியும் மறுபடியும் அழைப்பார்கள் என்பதால் உண்மை நிலை இதைவிட மோசம். நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தவறவிடக் கூடாது என்றால் 8 இணைப்புகள் வேண்டும். சங்கத்தில் நான்கை எட்டாக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்கு முன்பு அந்த 180 வினாடிகள் எங்கே போகின்றன என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. நல்லவேளை, பார்த்தேன்.

வரவேற்பும் மெனுவும் சேர்ந்து 41 வினாடி. வீட்டு எண் பெற 32. மீட்டர் அளவு பெற 38. திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த 24. மீதி 45 வினாடி மறுமுயற்சிகளிலும் நன்றியுரையிலும் போயிற்று.

வரவேற்பில் மெனுவைக் கேட்டு அழைப்பவர் 1ஐ அழுத்துகிறார். அழுத்திய பிறகு முழுதாக 5 வினாடி எதுவும் நடப்பதில்லை. பலர் அழுத்தியது பதிவாகவில்லை என்று நினைத்து மறுபடியும் 1ஐ அழுத்தினார்கள். அப்போது அது 11 ஆகி, அப்படி ஒரு தேர்வு இல்லை என்று இயந்திரம் மறுத்தது. நான் சர்வரின் வேகத்தைச் சந்தேகித்து ஒரு மாலை முழுவதும் நினைவகப் பயன்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம், எந்த எண் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆஸ்டெரிஸ்க்குக்குச் சொல்லும் டயல்பிளானில் இருந்தது. சங்க நிர்வாகிகளின் உள் எண்கள் 101 முதல் 105 வரை. அவற்றையும் மெனு இருந்த அதே பகுதிக்குள் சேர்த்திருந்தேன். 1 வந்தவுடன், இது மெனுவின் 1ஆ அல்லது 101இன் முதல் இலக்கமா என்று ஆஸ்டெரிஸ்க்குக்குத் தெரியாது. இலக்கங்களுக்கிடையே காத்திருக்கும் நேரம், மாற்றாமல் விட்டால் 5 வினாடி. அது முடியும்வரை காத்திருந்தது. உள் எண்களைத் தனிப் பகுதிக்கு மாற்றியதும் 1ஐ அழுத்திய நொடியிலேயே அடுத்த அறிவிப்பு தொடங்கியது. பாதுகாப்புக்கும் இது நல்லது: வெளியிலிருந்து வருபவர் கேட்கும் மெனுவிலிருந்து, வெளியே அழைக்க உதவும் எந்த எண்ணுக்கும் வழி இருக்கவே கூடாது.

பிறகு அந்த மெனுவையே எடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் இந்த எண்ணுக்கு அழைப்பவர்கள் வேறு எதற்கு அழைக்கப்போகிறார்கள்? அலுவலகத்தில் பேச விரும்புபவர்களுக்காக எந்த இடத்திலும் 0 வேலை செய்யும்படி வைத்தேன். வரவேற்புரை 6 வினாடிக்கு இறங்கியது. நான் எழுதிய அந்த நீண்ட வரவேற்பில் சங்கத்தின் முழுப் பெயர், நல்வாழ்த்து, சேவையின் பயன் எல்லாம் இருந்தன. அழைப்பவர் மீட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, குனிந்து நின்று, அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த நீண்ட வரவேற்பின்போது எந்த விசையை அழுத்தினாலும் பயன் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிளேபேக் என்ற கட்டளையால் ஒலிக்கவிட்டால் அறிவிப்பு முடியும்வரை எண்விசைகள் கவனிக்கப்படுவதில்லை. பேக்கிரவுண்ட் என்ற கட்டளை ஒலிக்கும்போதே கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டாம் முறை அழைப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அவரை நிறுத்திவைக்கக் கூடாது. இப்போது எண் கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் ஏஜிஐயின் கெட் டேட்டா கட்டளையைப் பயன்படுத்துகிறேன். முதல் இலக்கம் வந்ததும் குரல் நின்றுவிடும். கேட்ட அளவு இலக்கங்கள் சேர்ந்ததும் உடனே திரும்பிவிடும்.

இனி, எனக்கு மிகப் பிடித்ததும் மிக அதிகமாக நேரத்தை விழுங்கியதுமான பகுதி: எண்களைத் தமிழில் சொல்லவைப்பது.

ஆஸ்டெரிஸ்க்கில் சே நம்பர் என்று ஒரு கட்டளை உண்டு. ஆங்கில முறையில் அது 125ஐ ஒன்று, நூறு, இருபது, ஐந்து என்ற நான்கு ஒலித்துண்டுகளாக ஒட்டும். நான் அந்தத் துண்டுகளின் இடத்தில் தமிழ்ப் பதிவுகளை வைத்தேன். வந்த ஒலி: "ஒன்று நூறு இருபது ஐந்து." யாரும் அப்படிப் பேசுவதில்லை. தமிழில் எண்கள் ஒட்டும்போது உருமாறுகின்றன. இருபது இருபத்தைந்தாகிறது, நூறு நூற்றாகிறது, ஆயிரம் ஆயிரத்தாகிறது. 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 ஒன்பதாயிரம். இதைத் துண்டுகளால் ஒட்டிச் சரிசெய்யவே முடியாது. உருமாறிய வடிவங்களை முழுதாகப் பதிவு செய்துதான் ஆக வேண்டும்.

தாளில் கணக்குப் போட்டேன். 1 முதல் 99 வரை முழுச் சொற்களாக 99 பதிவுகள். நூறுகளுக்கு இரு வடிவம்: நூறு, நூற்று, இருநூறு, இருநூற்று, தொள்ளாயிரம், தொள்ளாயிரத்து என்று 18. ஆயிரங்களுக்கும் அப்படியே, ஆயிரம், ஆயிரத்து என்பதிலிருந்து தொண்ணூற்றொன்பதாயிரம்வரை 198. மொத்தம் 315, பூஜ்ஜியத்தைச் சேர்த்தால் 316. இவற்றைக் கொண்டு 99,999 வரையிலான எந்த எண்ணையும் அதிகபட்சம் மூன்று துண்டுகளில் சொல்லிவிடலாம்: பத்தொன்பதாயிரத்து, நானூற்று, இருபத்தேழு.

இதில் ஓர் அழகைக் கண்டேன். பதிவுத் துண்டுகளை ஒட்டும்போது வரும் பெரிய தொல்லை ராகம். வாக்கியத்தின் நடுவில் வரும் சொல்லின் குரல் உயர்ந்து நிற்க வேண்டும், கடைசியில் வருவது தாழ வேண்டும். ஒரே பதிவை இரண்டு இடத்திலும் வைத்தால் உடனே இயந்திரம் என்று காதுக்குத் தெரிந்துவிடும். தமிழில் இலக்கணமே இதற்கு வழி செய்துவைத்திருக்கிறது. நானூற்று என்ற வடிவத்தில் எண் முடியவே முடியாது. இன்னும் ஏதோ வரப்போகிறது. நானூறு என்றால் அங்கேயே முடிந்தது. இந்த இயந்திரத்துக்குக் குரல் கொடுத்தவள் என் அக்கா. அவள் பதிவு செய்யும்போது நான் எதுவும் சொல்லாமலே நானூற்று என்பதை ஏற்றியும் நானூறு என்பதை இறக்கியும் சொன்னாள். ஒட்டிக் கேட்டபோது ஓர் ஆள் ஒரே மூச்சில் சொன்னதுபோலவே இருந்தது.

பதிவு செய்தது இரண்டு மாலைகளில். வாயிலிருந்து மைக்குக்கு 15 செ.மீ., பின்னால் ஒரு கனத்த போர்வை, மின்விசிறி நிறுத்தம். 316 சொற்கள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. இரண்டாம் மாலை அக்காவுக்குச் சளி பிடித்திருந்தது. எனக்கு அன்று வித்தியாசம் தெரியவில்லை. ஒட்டிக் கேட்டபோது ஆயிரங்கள் ஒருவர் குரலிலும் மீதி வேறொருவர் குரலிலும் வந்தன. ஆயிரங்களை மறுபடியும் பதிவு செய்ய நேர்ந்தது. அன்றிலிருந்து இடைவெளி, ஒலிப்பெருக்க அளவு, அறை எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி மைக்கின் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

பதிவுகளை 8,000 ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடமாக சாக்ஸ் என்ற கருவியால் மாற்றினேன். 300க்கு மேற்பட்ட கோப்புகளின் முன்னும் பின்னும் உள்ள மௌனத்தைக் கையால் வெட்டச் சோம்பி, ஒலி 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மௌனம் என்று வைத்து அதே கருவியாலேயே வெட்டவைத்தேன். மறுநாள் சோதனையில் மூன்று என்று வரவேண்டிய இடங்களில் ஒன்று என்று கேட்டதாக இருவர் சொன்னார்கள். கோப்பைத் திறந்து அலைவடிவத்தைப் பார்த்தேன். உதடு மூடி மென்மையாகத் தொடங்கும் "ம்" அந்த 1 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தது. வெட்டு அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்த "ஊன்று" தொலைபேசியின் குறுகிய ஒலிப்பட்டையில் ஒன்றாகக் கேட்டது. கணக்கெடுக்கும் இயந்திரத்தில் ஒன்றும் மூன்றும் மாறிக் கேட்டால் மற்றவை சரியாக இருந்து என்ன பயன்? அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, முன்னால் 50 மில்லிவினாடி விட்டுக் கையால் வெட்டினேன். நான்கு மணி நேரம் ஆயிற்று.

அழைப்பை எடுத்தவுடன் பேசத் தொடங்கினாலும் இதேபோல ஓர் இழப்பு உண்டு. ஒலிப்பாதை இரு பக்கமும் திறக்கும் முன்பே வரவேற்பின் முதல் சொல் போய்விடும். எடுத்தபின் ஒரு வினாடி பொறுத்துப் பேசவைத்தேன். நான் கூட்டிய ஒரே காத்திருப்பு அதுதான், அதைக் குறைக்கப்போவதில்லை.

கோப்புகளை இணைப்பில் ஓடும் ஒலி வடிவமான ஏ-லாவிலேயே சேமித்து, மாற்றும் வேலையை மிச்சப்படுத்தவும் செய்தேன். நான்கு அழைப்புகளுக்கு அதனால் அளக்கத்தக்க எந்தப் பலனும் இல்லை. நூற்றுக்கணக்கில் ஓடும் இடத்தில் இருக்கலாம்.

இவ்வளவு உழைப்புக்குப் பின், இரண்டாம் மாதத்துக்கு முன்பு ஆறு வீடுகளுக்குப் போய், அழைப்பவரின் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான்காம் மாடியில் ஒரு மூதாட்டி மீட்டர் முன்னால் நின்று ஐந்து இலக்கங்களை அழுத்தினார். இயந்திரம் "பத்தொன்பதாயிரத்து நானூற்று இருபத்தேழு" என்று மிகத் தெளிவாகச் சொன்னது. அவர் விரல் மீட்டரின் முதல் இலக்கத்தில் நின்றுவிட்டது. "தம்பி, இதில் ஒன்று, ஒன்பது என்றுதானே இருக்கிறது? அது வேறு என்னவோ சொல்கிறதே" என்றார். அவர் கண் முன்னால் இருந்தது ஓர் எண் அல்ல. தனித்தனிக் கட்டங்களில் சுழலும் ஐந்து உருவங்கள். மற்ற ஐந்து வீடுகளிலும் அதையே கண்டேன். எல்லாரும் விரலை இலக்கம் இலக்கமாக நகர்த்தினார்கள்.

அன்று மாலையே திருப்பிச் சொல்வதை "ஒன்று, ஒன்பது... நான்கு, இரண்டு, ஏழு" என்று மாற்றினேன். தனி இலக்கங்களுக்கு மட்டும் இரண்டு தொகுதி: நடுவில் வர உயர்ந்த குரலில் பத்து, கடைசியில் வரத் தாழ்ந்த குரலில் பத்து. இரண்டாம் இலக்கத்துக்குப் பின் வினாடியில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. உறுதிப்படுத்துவதில் ஏற்பட்ட குழப்பம் அடியோடு போயிற்று. அழகாக ஒட்டிய பெரிய எண்கள் இப்போது ஒரே இடத்தில்தான் ஒலிக்கின்றன: "இந்த மாதப் பயன்பாடு பதினெட்டு கன மீட்டர்" என்று கடைசியில் சொல்லும்போது. அதற்கு 1 முதல் 99 வரையே ஏறக்குறைய எப்போதும் போதும். ஆயிரங்களின் 198 கோப்புகள் வட்டில் தூங்குகின்றன. அவற்றைச் செய்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஆறு வீடுகளுக்கு முதலில் போயிருந்தால் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

அதே வீடுகளில் இன்னொன்றையும் பார்த்தேன். தொடுதிரைக் கைபேசியில் அறிவிப்பைக் கேட்க அதைக் காதில் வைக்க வேண்டும். அழுத்துவதற்குக் காதிலிருந்து எடுத்து, எண் பலகையைத் திறந்து, மீட்டரைப் பார்த்து, திரும்பத் திரையைப் பார்க்க வேண்டும். இலக்கத்துக்கு இலக்கம் 3 வினாடிகூட ஆகிறது. நானோ வேகத்தை விரும்பி, இலக்கங்களுக்கிடையே 2 வினாடிதான் கொடுத்திருந்தேன். பாதி எண்ணிலேயே இயந்திரம் அவர்களை மறித்து "தவறான எண்" என்றது. அந்த 45 வினாடி மறுமுயற்சியில் பெரும்பகுதி இப்படி நானே உண்டாக்கியது. இப்போது 6 வினாடி கொடுக்கிறேன். அழைப்பின் நீளம் கூடவில்லை, குறைந்தது. ஐந்தாம் இலக்கம் விழுந்ததும் இயந்திரம் நகர்ந்துவிடுவதால், அந்த 6 வினாடியை முழுதாக யாரும் செலவழிப்பதில்லை. முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு நான்கே இலக்கம் அழுத்துபவர்கள் மட்டும் காத்திருப்பார்கள். நேரம் முடிந்ததும் கெட் டேட்டா அதுவரை வந்த இலக்கங்களைத் தந்துவிடுகிறது, பூஜ்ஜியத்தை நிரல் சேர்த்துக்கொள்கிறது.

இலக்கங்கள் காணாமல் போனது தனிக் கதை. சிலர் அழுத்திய 7உம் 9உம் வந்துசேரவில்லை. விசை ஒவ்வொன்றும் இரண்டு அதிர்வெண்களைச் சேர்த்து ஒலிக்கிறது. 7 என்றால் 852 ஹெர்ட்ஸும் 1,209 ஹெர்ட்ஸும். நான் அந்த ஒலியைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டு அறியும் முறையில் அமைத்திருந்தேன். இணைப்பில் ஓடும் தரவை டிசிபிடம்ப் என்ற கருவியில் பிடித்து, வயர்ஷார்க் என்ற கருவியில் திறந்து பார்த்தபோது, பிழைபட்ட அழைப்புகள் எல்லாம் ஜி.729 என்ற ஒலிக் குறியீட்டில் வந்திருந்தன. பேச்சை வினாடிக்கு 8 கிலோபிட்டுக்குள் சுருக்கும் அது மனிதக் குரலுக்காக ஆனது. இரட்டை ஒலிகளைச் சிதைத்துவிடும். இரண்டு மாற்றம் செய்தேன். இவ்வளவு சுருக்காத ஜி.711 குறியீட்டை மட்டுமே ஏற்பேன் என்று வைத்தேன். ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் வினாடிக்குச் சுமார் 87 கிலோபிட், நான்குக்கு 350 கிலோபிட், எங்கள் இணையத்துக்கு அது பொருட்டே அல்ல. விசைகளை ஆர்எஃப்சி 4733 என்ற இணையத் தரமுறைப்படி ஒலியாக அல்லாமல் தனித் தரவுப் பொதிகளாக வாங்கினேன். அதன்பின் ஓர் இலக்கமும் தொலையவில்லை.

அடுத்து, கேட்கவே எனக்குச் சங்கடமாயிருந்த ஒரு புகார். "நான் போன வாரமே சொல்லிவிட்டேன், பதிவாகவில்லை என்கிறீர்களே?" முதல் மாதத்தில் அப்படி 23 வீடுகள். பதிவேட்டில் தேடியபோது எல்லாம் ஒரே மாதிரி: ஐந்து இலக்கம் வந்திருக்கிறது, திருப்பிச் சொல்லப்பட்டிருக்கிறது, "சரி என்றால் 1" என்ற கேள்வியின்போது அழைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது. சரியாகச் சொன்னதைக் கேட்டதும், வேலை முடிந்தது என்று வைத்துவிட்டார்கள். மனிதரிடம் பேசினாலும் அப்படித்தானே செய்வோம்? அழைப்பு துண்டானதும், இணைப்பு போய்விட்டது என்று அறிவிக்கும் சிக்ஹப் (SIGHUP) சமிக்ஞையை ஆஸ்டெரிஸ்க் நிரலுக்கு அனுப்பும். அதைக் கவனிக்காத பைத்தான் நிரல் அந்த இடத்திலேயே செத்துவிடும். சேமிக்கும் வரி அதற்கும் கீழே இருந்தது.

இதை இரண்டாகச் சரிசெய்தேன். அளவு நம்பத்தக்கதாக இருந்தால், திருப்பிச் சொல்வதற்கு முன்பே சேமித்துவிடுகிறேன். கேள்வியையும் மாற்றினேன்: "தவறாக இருந்தால் 2ஐ அழுத்துங்கள்." பேசாமல் இருந்தாலும், வைத்துவிட்டாலும், அது சம்மதம். முந்தைய மாதத்தைவிடக் குறைவாகவோ, வழக்கமான பயன்பாட்டின் மூன்று மடங்குக்கு மேலாகவோ இருந்தால் மட்டும் 1ஐ அழுத்தி உறுதி செய்யச் சொல்கிறது. இந்த ஒரு மாற்றத்தில் 23 வீடு பூஜ்ஜியமாயிற்று.

நம்பமுடியாத அளவுகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தபோது இன்னும் எளிய ஓர் உண்மை வெளிப்பட்டது. மீட்டரில் கன மீட்டரைக் காட்டும் ஐந்து கறுப்பு இலக்கங்களுக்குப் பிறகு, அதற்குக் கீழான பகுதியைக் காட்டும் சிவப்பு இலக்கங்கள் உண்டு. என் அறிவிப்பு "மீட்டர் அளவை அழுத்துங்கள்" என்றது. சிலர் வலப்பக்கத்திலிருந்து ஐந்தை எண்ணினார்கள், சிலர் எல்லாவற்றையும் அழுத்தி முதல் ஐந்தோடு மறிக்கப்பட்டார்கள். அறிவிப்பை "மீட்டரில் கறுப்பு நிறத்தில் உள்ள ஐந்து இலக்கங்களை இடமிருந்து வலமாக அழுத்துங்கள்" என்று மாற்றினேன். நான் எழுதிய எந்த நிரல் வரியும் இந்த ஒரு வாக்கியம் தந்த பலனைத் தரவில்லை. மறுமுயற்சிகள் அதன்பின் மிக அரிதாகிவிட்டன.

கடைசியாக வேகம். ஏஜிஐயில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பைத்தான் செயல் தொடங்கும். அந்தப் பழைய கணினியில் அதற்கு 0.9 வினாடி ஆயிற்று. ஓர் அழைப்பில் மூன்று தனி நிரல்களை நான் கூப்பிட்டதால் 2.7 வினாடி மௌனம். தொலைபேசியில் ஒரு வினாடி மௌனமே நீளமானது. "ஹலோ, ஹலோ" என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். மூன்றையும் ஒன்றாக்கி, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஃபாஸ்ட் ஏஜிஐ சேவையாக, கணினியின் 4573ஆம் துறையில் (போர்ட்) வைத்தேன். தரவுக்கோப்பும் திறந்தே இருக்கிறது. காத்திருப்பு 0.03 வினாடிக்கு வந்தது. இதில் அழைப்பு துண்டானால் சமிக்ஞைக்குப் பதில் இணைப்பிலேயே ஹேங்அப் என்று ஒரு வரி வரும். பதிலைப் படிக்கும் இடத்தில் அதையும் எதிர்பார்க்க வேண்டும்.

அழைப்பவரின் எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் வீட்டு எண்ணைக் கேட்பதில்லை, "வீட்டு எண் மூன்று, பூஜ்ஜியம், நான்கு. வேறு வீடு என்றால் நட்சத்திர விசை" என்று சொல்லிவிட்டுத் தொடர்கிறது. 32 வினாடி 5 ஆயிற்று. காட்டப்படும் எண்ணைப் போலியாக மாற்ற முடியும் என்பதால், பெயரையோ பழைய கணக்கையோ இந்த வழியில் சொல்லவைக்கவில்லை.

இப்போது அதே நெரிசல் மணி நேரத்தில் 60 அழைப்பு, 70 வினாடி என்றால் 1.17 எர்லாங். நான்கு இணைப்பில் இடம் கிடைக்காதவர்கள் 2.4 சதவீதம். இணைப்பைக் கூட்டச் சொல்லிச் சங்கத்திடம் கேட்கவே இல்லை.

செலவிட்டது மொத்தம் ஏறத்தாழ 90 மணி நேரம். அதில் நிரல் எழுதியது 20 மணிகூட இருக்காது. மறுபடியும் செய்வதானால், அறிவிப்புகளைத் தாளில் எழுதி, ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு இயந்திரம் போலப் படிக்க, இன்னொருவர் மீட்டர் முன்னால் நின்று பதில் அழுத்துவதாகப் பத்து வீடுகளில் நடித்துப் பார்த்த பிறகே மைக்கை எடுப்பேன். தற்காலிக அறிவிப்புகளை என் குரலிலேயே பதிந்து ஒரு மாதம் ஓட்டிவிட்டு, சொற்கள் நிலைத்த பின்புதான் அக்காவை உட்காரவைப்பேன். நேரக் குறிப்புகள் முதல் அழைப்பிலிருந்தே ஓடும்.

விடுபட்ட 15 வீடுகளில் ஆறு பூட்டிக் கிடக்கின்றன. ஆறு வீட்டார் 0ஐ அழுத்தி அலுவலகத்தில் சொன்னார்கள். மீதி மூன்றில் சென்ற மாதம் புதிய மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள். அதில் சுழலும் இலக்கமே இல்லை, ஒரு சிறு திரைதான். கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. அந்த வீடுகளுக்குத் தனி அறிவிப்பு ஒலிக்க, வீட்டுப் பட்டியலில் மீட்டர் வகை என்று ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன். "திரையில் புள்ளிக்கு முன்னால் உள்ள இலக்கங்களை" என்று வாக்கியத்தை எழுதி, அந்த மூன்று வீடுகளிலும் வாசித்துக் காட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா பதிவு செய்யப்போகிறாள், 15 செ.மீ., அதே போர்வை.